இலையை வாட்டுவது போலத்தான்

சென்ற ஆண்டு ஜூலை மாதம் என் காலை நிகழ்ச்சியில் ஒரு வாரம் முழுக்க நெகிழியைப் பற்றித்தான் பேச்சு. 'நெகிழி இல்லா ஜூலை' என்று 2011இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இயக்கம் இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. நாமும் நேயர்களோடு பேசலாமே என்று திட்டம் போட்டோம். அழைப்புகள் குவிந்தன. ஐந்தாம் நாள், உற்சாகம் தலைக்கேறிய நிலையில், "நம் வீட்டுக்குள் வரும் இந்த டிரே, டப்பா எல்லாம் யாரோ யோசிக்காமல் செய்கிறார்கள். நாமும் யோசிக்காமல் தூக்கிப் போடுகிறோம்" என்று சொன்னேன். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இப்படிப்பட்ட வாக்கியங்கள் தானாக வந்து விழும். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலை அம்மா அழைத்தார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற வழக்கமான விசாரணை முடிந்தது. பிறகு சொன்னார்: "நல்லாத்தான் பேசுன. யோசிக்காம செய்றாங்கன்னு சொன்னியே, அது மட்டும் சரியில்ல."

"ஏம்மா?"

"பத்தொன்பது வருசம் யோசிக்காமலா நின்னேன்?"

அவ்வளவுதான். அப்பாவுக்குத் தேத்தண்ணி போட வேண்டும் என்று வைத்துவிட்டார்.

எங்கள் ஊர் சிம்பாங் அம்பாட். மலாயில் நாற்சந்தி என்று பொருள். பினாங்கு என்றதும் எல்லாருக்கும் தீவுதான் ஞாபகம் வரும். நாங்கள் பெருநிலத்துக்காரர்கள், செபராங் பிறையின் தென்பகுதி. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் புக்கிட் தம்பூன் டோலில் இறங்க வேண்டும். தாத்தா காலத்தில் சுற்றிலும் தோட்டம். 1972இல் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது, இண்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. பிறகு நிலம் போதாமல் தொழிற்சாலைகள் மெல்லக் கடலைத் தாண்டி எங்கள் பக்கமும் வர ஆரம்பித்தன. இன்று பத்து காவானைப் பார்க்கிறவர்களுக்கு அது தோட்டமாக இருந்தது என்றால் நம்ப முடியாது. பெரிய பெயர்கள் வரும்போது, அவற்றுக்குப் பெட்டியும் அட்டையும் டிரேயும் செய்து கொடுக்கும் சின்னத் தொழிற்சாலைகளும் பின்னாலேயே வந்துவிடும். அப்படி ஒன்றில்தான் அம்மா வேலை செய்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஊடகத் துறையில் பட்டம் வாங்கினேன். அதை அம்மா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

சின்ன வயதில் ஒருமுறை, "அங்க என்னம்மா செய்றீங்க?" என்று கேட்டேன். அம்மா அப்போது நாசி லெமாக் கட்டுவதற்காக வாழையிலையை அடுப்பு அனலில் காட்டி வாட்டிக்கொண்டிருந்தார். "பச்சையா மடிச்சா கிழியும். வாட்டுனா சொன்னபடி கேக்கும். எங்க ஃபேக்டரியிலயும் இதேதான், இலைக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட்டு" என்றார். தெர்மோஃபோர்மிங் என்று அதற்குப் பெயர் இருப்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. ஆனால் எந்தப் புத்தகத்திலும் அதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

அரை மில்லிமீட்டர் கனத்தில், சுருளாக வரும் ஷீட் முதலில் சூடேற்றும் பகுதிக்குள் போகும். இளகி, ஈரத் துணி போலத் தொய்யும். அடியில் அலுமினிய அச்சு காத்திருக்கும். அந்த அச்சில் ஊசிமுனை அளவுக்குத் துளைகள் இருக்கும். பம்ப் அவற்றின் வழியாக உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சியதும் ஷீட் அச்சோடு ஒட்டிப் படியும். உறிஞ்சுகிறது என்று சொன்னாலும் உண்மையில் வேலை செய்வது வெளிக்காற்றுதான். உள்ளே காற்று இல்லாமல் போனதும், நம்மைச் சுற்றியிருக்கும் இந்தச் சாதாரணக் காற்றே ஷீட்டை அழுத்தி எல்லாப் பள்ளத்திலும் இறக்கிவிடுகிறது. பிறகு ஆற வேண்டும், வெட்ட வேண்டும். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும்.

அம்மா நின்றது வரிசையின் கடைசியில். வெட்டி வரும் டிரேயை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். முதலில் மூலையைத்தான் பார்ப்பாராம். ஷீட் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் மூலை. அதிகம் இழுபட்டு மெலிந்து போவதும் அங்கேதான். மூலை மெலிந்த டிரே ஒரு முறை கீழே விழுந்தால் போதும், கீறல் விட்டுவிடும். அடுத்தது பக்கச் சுவர். அது செங்குத்தாக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அச்சிலிருந்து கழன்று வராது. அப்புறம் அடுக்கு. ஐம்பது டிரேயை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடம் மிச்சம். ஆனால் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டால், மறுமுனையில் பிரித்தெடுக்கும் ஆள் திண்டாடுவார். அதற்காகவே ஓரத்தில் சின்னச் சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். பிஸ்கட் டிரேயைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருப்போம்.

இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் நான். கேட்டது வேறு, மண்டையில் ஏறியது வேறு போலிருக்கிறது.

அதற்கு அந்த ஆண்டுத் தீபாவளி வர வேண்டியிருந்தது.

அறுபது வயதில் வேலையை விட்டபிறகு, தீபாவளி நேரத்தில் அம்மா பலகாரம் சுட்டு விற்கிறார். அச்சு முறுக்குதான் அவருடைய பெயர்போன சரக்கு. வாயில் வைத்தால் உடையும், வைக்காமலும் உடையும். அதனால் வட்டப் பள்ளம் போட்ட டிரேயாகத் தேடி வாங்கி, பள்ளத்துக்கு ஒன்றாக அடுக்கி, மேலே நெகிழி உறை போட்டுச் சூட்டில் ஒட்டிவிடுவார். நான்தான் குறுக்கே போனேன். ரேடியோவில் அப்படிப் பேசியவளின் அம்மா நெகிழி டிரேயில் முறுக்கு விற்கலாமா? யாராவது படம் எடுத்துப் போட்டால்? காகிதப் பெட்டி வாங்கித் தந்தேன். பழுப்பு நிறத்தில், சணல் கயிறு கட்டி, பார்க்க அவ்வளவு அழகு. அம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். "நீ சொல்ற, போடுறேன்" என்றார். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

நாற்பது பெட்டி. ஒன்று இருபத்தைந்து வெள்ளி. பாதிக்கு மேல் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் கூரியரில் போனது. மூன்றாம் நாளிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி வர ஆரம்பித்தது. ஒருவருக்கு முழுதாக வந்தது நான்கே நான்கு. இன்னொருவர் பெட்டியில் உடையவில்லை, ஆனால் எல்லாம் நமுத்துப் போய், மடித்தால் மடிந்தது. பெட்டியின் அடியில் எண்ணெய் ஊறிய வட்டம். யாரும் திட்டவில்லை, தெரிந்த மனிதர்கள். "பரவாயில்லக்கா" என்றார்கள். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. மறுபடி மாவு கரைத்து, இரண்டு இரவு தூங்காமல் நாற்பது பேருக்கும் திரும்பச் சுட்டார். நான் விடுப்பு போட்டு ஓடி வந்தேன். சுட மட்டும் விடவில்லை. "நீ அடுக்கு" என்றார்.

மூன்றாவது மாடியில் நிற்கும் மின்விசிறி போல நான் தலையை ஆட்டிக்கொண்டு அடுக்கினேன். அப்போதுதான் பாடம் நடந்தது. அம்மா கடையில் வாங்கிய ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கத்தரியால் வெட்டி, டிரேயைத் தனியாகவும் உறையைத் தனியாகவும் மேசையில் வைத்தார்.

"இது எதுக்கு?"

"உடையாம இருக்க."

"இது?"

"காத்து போகாம இருக்க."

"ரெண்டும் வேற வேற வேலை. நீ ரெண்டையும் எடுத்துட்டு ஒரு அட்டைய குடுத்த. அது என்ன வேலை செய்யும்னு அதுகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். யோசிக்காமல் செய்தது யார் என்று அம்மா கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதைப் பிரித்தாலும் அந்தப் பள்ளத்தைப் பார்க்கிறேன். அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரை அட்டையைப் பாருங்கள். மாத்திரையின் அளவுக்கே செய்த பள்ளம், பின்பக்கம் அலுமினியத் தாள். இங்கேயும் பெரிய எதிரி நம் ஈரக்காற்றுதான். ஆசியான் நாடுகளில் விற்கும் மருந்துகள், நம் பருவநிலையைக் கருதி 30 டிகிரி வெப்பத்திலும் 75 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்து, கெடுகிறதா என்று மாதக்கணக்கில் சோதிக்கப்பட வேண்டும். அதனால்தான் சில மாத்திரைகள் சாதாரண நெகிழிப் பள்ளத்தில் வருகின்றன, ஈரம் ஆகாத சில மாத்திரைகளுக்கு முன்னும் பின்னும் அலுமினியம். அம்மாவின் அச்சு முறுக்கை நமுக்க வைத்த அதே காற்றோடுதான் மருந்துக் கம்பெனிகளும் மல்லுக்கு நிற்கின்றன.

மருந்தைக் காப்பது மட்டுமில்லாமல், சாப்பிட்டோமா இல்லையா என்று ஞாபகப்படுத்தும் வேலையையும் பெட்டியே செய்யலாம் என்று கண்டுபிடித்தவர் ஒரு கணவர். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர். மனைவி கருத்தடை மாத்திரை சாப்பிட்டாரா என்பது இருவருக்குமே மறந்து போகும். நான்கு பிள்ளைகள் இருந்த வீடு. 1962இல் கிழமை தெரியும்படி ஒரு வட்டப் பெட்டியைத் தானே செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கிழமை அச்சிட்ட மாத்திரை அட்டையை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பத்தின் ஞாபகம் வரும்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இன்னொரு வகை உண்டு. அரிசிமணியைவிடச் சிறிய மின்னணுப் பாகங்களைக் கொட்டி அனுப்ப முடியாது. எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள நாடாவில் வரிசையாகப் பள்ளம் போட்டு, பள்ளத்துக்கு ஒன்றாக வைத்து, மேலே மெல்லிய மூடி ஒட்டி, சினிமாச் சுருள் போலச் சுற்றி அனுப்புவார்கள். மறுமுனையில் இயந்திரம் மூடியை உரித்து ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைக்கும். இந்த நாடாக்களும் டிரேக்களும் பெரும்பாலும் கறுப்பு. நெகிழியில் கரித்தூள் கலந்திருப்பார்கள். நாம் சட்டையைக் கழற்றும்போது படபடவென்று வருமே, அந்தச் சின்ன மின்சாரம் போதும் ஒரு சில்லைக் கெடுக்க. அதைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவதற்குத்தான் அந்தக் கறுப்பு. உங்கள் கைத்தொலைபேசிக்குள் இருக்கும் பல பாகங்கள் ஏதோ ஒரு பள்ளத்தில் படுத்துத்தான் தொழிற்சாலைக்கு வந்திருக்கும்.

ஆனால் என்னை உண்மையில் அசைத்தது இவை எதுவுமில்லை. அப்பாவின் கால்.

அப்பாவுக்கு இனிப்புநீர். நம் வீடுகளில் இது புதிய கதையல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன் கால் விரலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்தார்கள். அதன்பின் பல வாரம் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தாதி ஒரு டிரேயை எடுத்துவந்து, மேலே ஒட்டிய மூடியை மூலையைப் பிடித்து உரிப்பார். உள்ளே மூன்று பள்ளம்: ஒன்றில் மருந்துநீர் ஊற்ற, ஒன்றில் பஞ்சு, நீளமான ஒன்றில் இடுக்கி. அந்த மூடி காகிதம் போல இருக்கும். கிருமி நீக்கும் வாயு அதன் வழியாக உள்ளே போய்த் திரும்ப வெளியே வரலாம், கிருமி மட்டும் போக முடியாது. சில மூடிகளை டைவெக் என்ற, மிக நுண்ணிய நெகிழி இழைகளால் ஆன தாளில் செய்கிறார்கள். உரித்தால் தூசு பறக்காமல், கிழியாமல் ஒரே சீராக வரும்.

அன்றைக்கு நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டிரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாதி வேலை முடிந்து அதைக் குப்பையில் போடப் போனபோது, அம்மா மெதுவாக, "மூலை நல்லா இருக்கு" என்றார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா வலியில் இருக்கிறார், இவர் மூலையைப் பார்க்கிறாரே என்று. மூலையில் கீறல் இருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு சுத்தமில்லை, அப்பாவின் புண்ணுக்குள் அது போகும் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

சரி, அப்படியானால் ரேடியோவில் நான் பேசியது எல்லாம் தப்பா? அம்மாவிடமே கேட்டேன். இல்லை என்றுதான் சொன்னார்.

2022 ஜனவரியில் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு எரிந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், எங்கள் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. பினாங்கின் குப்பை, தீவோ பெருநிலமோ, வந்து சேரும் இடம் அதுதான். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பல நாள் எரிந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். காற்று திரும்பிய நாளில் அம்மா காயப்போட்ட துணியை உள்ளே எடுத்து, சன்னல்களை அடைத்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னார்: "எந்த பிளாஸ்டிக் எரியுதுன்னு வாசத்துலயே தெரியுது."

நம் குப்பை போதாதென்று வெளிநாட்டுக் குப்பை வேறு. சீனா 2018இல் கதவைச் சாத்தியதும் அது நம் துறைமுகங்களுக்கு வர ஆரம்பித்தது. 2020 ஜனவரியில், 150 கொள்கலன்களை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாக அமைச்சர் பட்டர்வொர்த்தில் அறிவித்தார். நெகிழிப் பைக்கு எதிராக முதலில் எழுந்த மாநிலமும் பினாங்குதான். 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை இல்லை என்று தொடங்கி, 2011லிருந்து எல்லா நாளும் என்றானது. பை விஷயத்தில் நாம் பழகிவிட்டோம். டிரே விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

அம்மாவின் தொழிற்சாலையில் டிரேயை வெட்டியபின் ஓட்டை ஓட்டையாக மிஞ்சும் ஷீட் வீணாவதில்லை. அரைத்து, உருக்கி, மறுபடி ஷீட்டாக்குவார்கள். சுத்தமானது, ஒரே வகையானது, என்னவென்று தெரிந்தது. வீட்டுக்கு வந்த டிரேதான் திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. தண்ணீர் போத்தலும் தெளிவான டிரேயும் ஒரே வகை நெகிழிதான், அடியில் எண் 1 போட்டிருக்கும். ஆனால் போத்தலை அரைக்கும் இடங்களில் டிரேயைச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறார்கள், அதன் தன்மை கொஞ்சம் வேறு, எளிதில் நொறுங்கும். எண் 3, அதாவது பிவிசி, அதில் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், உருக்கும் சூட்டில் கருகி மொத்தத்தையும் கெடுத்துவிடும். மாத்திரை அட்டையில் நெகிழியும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கின்றன. கறுப்பு டிரே இன்னும் மோசம். வகை பிரிக்கும் இயந்திரம் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்த்துத்தான் இது என்ன நெகிழி என்று கண்டுபிடிக்கும். கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது. சில்லைக் காப்பாற்ற வேண்டியதற்குக் கறுப்பு சரி. தப்பாவ் செய்யும் சோற்றுக்கு எதற்குக் கறுப்பு? பார்க்கக் கடைச் சாப்பாடு மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகவா?

"எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சோம். உடையக் கூடாது, ஒட்டக் கூடாது, கசியக் கூடாது. குப்பைக்குப் போனப்புறம் என்ன ஆகும்னு மட்டும் யாரும் எங்ககிட்ட கேக்கல" என்றார் அம்மா. அதைச் சொல்லும்போது அவர் தன் வலது கட்டைவிரலைத் தடவிக்கொண்டிருந்தார். வெட்டிய ஓரம் பட்டுப் பட்டு அங்கே தோல் தடித்துப் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தடை வந்தபிறகு, பாக்குமட்டைத் தட்டுகள் இன்னும் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. உதிர்ந்த மட்டையை ஊறவைத்து, சூடான அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். அந்தக் காணொலியை அம்மாவுக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "அதேதான். இலைய வாட்டுற மாதிரி" என்றார். கொஞ்சம் கழித்து, "பள்ளம் ஆழமா வராது. தட்டுக்குச் சரி, அச்சு முறுக்குக்கு ஆகாது" என்றார். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி.

அடுத்த வாரம் நிகழ்ச்சியில், ஜூலையில் நான் சொன்ன ஒரு வாக்கியம் தவறு என்று சொன்னேன். யோசித்துத்தான் செய்கிறார்கள், யோசித்தவர்களில் ஒருவர் என் அம்மா என்றேன். பிறகு நேயர்களிடம், வீட்டிலிருக்கும் ஏதாவது ஒரு டிரேயை எடுத்து அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். சுங்கை பட்டாணியிலிருந்து அழைத்த ஒரு தாத்தா, முட்டை டிரேயைப் பற்றியே ஆறு நிமிடம் பேசினார். நான்கு ஆப்பிளைத் தனித்தனிப் பள்ளத்தில் வைத்து விற்பதற்கு ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார் இன்னொருவர். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

அம்மா மறுபடி டிரேயில்தான் விற்கிறார். தெளிவானது, எண் 1 போட்டது, ஒரு பெட்டிக்கு இரண்டு வாங்கிய இடத்தில் ஒன்று. காலி டிரேயைக் கொண்டுவந்து கொடுத்தால் அடுத்த முறை ஐம்பது சென் கழிவு என்று எழுதி ஒட்டினார். நாற்பதில் பதினொன்று திரும்பி வந்தது. அதில் மறுபடி பலகாரம் வைக்க மாட்டார். சமையலறைச் சன்னலோரத்தில் வரிசையாக வைத்து, அடியில் துளை போட்டு, பள்ளத்துக்கு ஒரு மிளகாய் விதை ஊன்றியிருக்கிறார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாவதாக ஒன்று வந்து சேர்ந்திருந்தது. அம்மா அதைக் கழுவி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நான்கு மூலையையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஃபேக்டரியோ தெரியல. நல்லா இழுத்திருக்காங்க" என்றார்.